யானை தாங்கும் கீல்

போன ஆயுத பூஜைக்கு என் பழைய கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். நல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போனால், நான் நிறுத்திய கேட் அங்கே இல்லை. அந்த இடத்தில் வேறொன்று சுவர் மாதிரி நின்றது. எங்கே பிடித்துத் தள்ளுவது என்று நான் தடவிக்கொண்டிருக்கும்போதே உள்ளே யாரோ ஒரு பட்டனை அமுக்கினார்கள். முழுக் கேட்டும் தண்டவாளத்தில் உருண்டு ஓரமாக ஒதுங்கியது. அதற்குக் கீல் என்று ஒன்று கிடையவே கிடையாது.

இப்போது அங்கே மெயின்டனன்ஸ் பார்க்கும் இன்ஜினியர் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "சார், அந்தக் காலத்துல அவ்வளவு பெரிய கேட்டுக்குக் கீல் எப்படி செலக்ட் பண்ணுனீங்க? என்ன கால்குலேசனுங்க?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் ஒரு அனுபவம்தானுங்க" என்றேன். அவர் பயபக்தியோடு தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து, பக்கத்து சீட்டுக்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அந்த அனுபவம் என்னவென்று எனக்கல்லவா தெரியும். கீல் சிறிதாகப் போட்டு ஒரு கேட்டைக் கெடுத்தவன் நான். பெரிதாகப் போட்டு இன்னொரு கேட்டைக் கெடுத்தவனும் நானே. அந்தப் பிள்ளை நல்ல மனதோடு கேட்டதற்காக உள்ளதை எழுதி வைக்கிறேன்.

படிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர். கோயம்புத்தூர் பட்டறை ஒன்றில் அரம் தேய்த்தேன், திட்டு வாங்கினேன். எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஆள் கிடைக்கவில்லை என்று மைத்துனர் சொல்லவே கிளம்பி வந்துவிட்டேன். வந்த புதிதில் நல்லூரிலேயே நாலைந்து நிட்டிங் மெஷின் ஓடும் ஒரு சின்ன ஷெட்டில் வேலை. மெஷின் பார்ப்பது, மோட்டார் பார்ப்பது, தண்ணிக்குழாய் பார்ப்பது எல்லாம் நான்தான். அங்கேதான் என் முதல் கேட்.

அதற்கு நான் வாங்கி வந்தது வீட்டு அறைக் கதவுக்குப் போடுகிற கீல். கடைக்காரர் எடுத்துக் காட்டும்போது பளபளவென்று இருந்தது, ஆட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை. வேறென்ன வேண்டும்? இரும்புக் கேட்டில் அதை வைத்துப் பற்றவைத்து, சிவப்பு பெயின்ட் அடித்து, சந்தனம் பூசி, எலுமிச்சம்பழமும் நசுக்கியாயிற்று. மறுநாள் காலையில் ஊத்துக்குளியிலிருந்து வெண்ணெய் கொண்டுவருபவர் வழக்கம்போலத் தன் சைக்கிளைக் கேட்டில் சாய்த்துவிட்டு உள்ளே காசு வாங்கப் போனார். சாய்ந்த சைக்கிளோடு கேட்டும் சேர்ந்து சாய்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெண்ணெய் டின்தான் அடியில் மாட்டிக்கொண்டது. அவ்வளவு பெரிய கேட் விழுந்தும் பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று முதலாளியம்மா ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கொஞ்ச நாளைக்கு அந்தத் தெருவில் என் பெயர் 'வெண்ணெய் கேட்'.

அன்றைக்கு எடுத்தேன் ஒரு சபதம். இனி என் வாழ்நாளில் எந்தக் கீலும் என்னைக் கைவிடக் கூடாது. சபதம் எடுத்தவன் அறிவையும் சேர்த்து எடுத்திருக்கலாம்.

பிறகு பெரிய கம்பெனிக்கு மாறினேன். இன்ஜினியர் என்னை உட்காரவைத்துப் பொரி கொடுத்தாரே, அந்தக் கம்பெனி. முதலாளி அவிநாசிப் பக்கம் தோட்டம் பார்த்த குடும்பத்தில் பிறந்தவர். ஏற்றுமதி ஆர்டர் பிடித்து வளர்ந்த பிறகும் காலையில் காரை விட்டு இறங்கினால் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார். மேனேஜர் சாகுல் பாய். எனக்கு மேலே அவர்தான். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சாகுல் பாய் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. அவருடைய சட்டைப் பையில் வெள்ளைப் பனியன் துணி ஒன்று நாலாக மடித்து எப்போதும் இருக்கும். கம்பெனிக்குள் எதைக் கடந்து போனாலும் அதை எடுத்து ஒரு தடவு தடவுவார். மெஷின், மேஜை விளிம்பு, படிக்கட்டுக் கைப்பிடி எதுவும் தப்பாது. ஒருமுறை நான் புதிதாக வாங்கிய சைக்கிளின் செயின் கவரையும் தடவினார். துணியில் கறுப்பு ஒட்டினால், அதை நம் முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்து, ரொம்பப் பிரியமாகக் கேட்பார்: "ஏனுங்க தங்கராசு, இது என்னங்க, கண்மையா?" அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும்.

அவர் பயத்தில் நியாயம் உண்டு. வெள்ளைப் பனியனில் கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை பட்டாலும் அது ரெண்டாம் தரம். நாலு பண்டலில் பட்டால் ஆர்டரே திரும்பி வந்துவிடும். எங்கள் ஊரில் மனிதர்கள் பாம்புக்குப் பயப்படுவதைவிடக் கிரீஸுக்கு அதிகம் பயப்படுவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனியை விரிவாக்கினோம். வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுக்கிற பையர் வருகிற வாசல், ரெண்டு லாரி ஒதுங்குகிற அகலத்தில் கேட் வேண்டும் என்றார் முதலாளி. ரெண்டு கதவு வைத்த கேட். என் சபதத்துக்கு நேரம் வந்துவிட்டது.

கேட்டின் பாரம் கீலை எப்படிப் பிடித்து இழுக்கும் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. மேல் கீலைத் தூணிலிருந்து பிடுங்கப் பார்க்கும், கீழ்க் கீலைத் தூணுக்குள் அழுத்தப் பார்க்கும். உயரம் கூடினால் பரவாயில்லை, அகலம் கூடினால்தான் ஆபத்து. இவ்வளவும் சரியாகத்தான் யோசித்தேன். யோசித்துவிட்டு, ரெண்டு கீல் போதும் என்று தெரிந்தும், வெண்ணெய் ஞாபகத்தில் கதவுக்கு மூன்று போட்டேன். லேத்தில் கொடுத்துக் கடைந்த கீல்கள். ஒவ்வொன்றும் என் முழங்கை கனம். லேத்காரர், "கேட்டுக்குங்களா, டேமுக்குங்களா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. தூணுக்கு இரும்புச் சேனலை நிறுத்தி உள்ளே கான்கிரீட் கொட்டினேன். திறப்பு அன்று முதலாளியிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "யானையைக் கட்டுனாலும் தாங்குமுங்க" என்றேன்.

கிரீஸ் இருந்தவரைக்கும் ஒழுங்காகத்தான் ஆடியது. வெயில் ஏறியதும் கிரீஸ் உருகிக் கீலிலிருந்து வழிந்தது. சலவைப் பட்டறையிலிருந்து வந்த துணி ரோல்களை லோடுமேன்கள் மூச்சு வாங்குவதற்காகக் கேட்டில் சாய்த்து வைத்தார்கள். ஒரு ரோலின் மேல் நீளமாகக் கறுப்புக் கோடு. சாகுல் பாய் என் அறைக்கு வந்து துணியை விரித்தார். கண்மை பற்றிக்கூடக் கேட்கவில்லை. "கேட்டுல எண்ணெய் ஆகாதுங்க தங்கராசு" என்றார், அவ்வளவுதான்.

நான் மண்ணெண்ணெயும் கட்டிங் வேஸ்ட் துணியும் எடுத்துக்கொண்டு போய் ஆறு கீலையும் துடைத்தேன். பின்னைக் கழற்றி, குழாய்க்குள் துணியை விட்டுச் சுழற்றி, ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் வழித்து எடுத்தேன். அவர் துணியால் தடவிப் பார்த்தார். வெள்ளையாகவே வந்தது. என் உத்தியோகத்தில் நான் செய்த வேலைகளிலேயே அவ்வளவு முழுமையாகச் செய்த வேலை வேறில்லை.

அதற்குப் பிறகு முதலாளிக்குக் கேட் மேல் ஆசை வந்துவிட்டது. உள்ளே எத்தனை லாரி நிற்கிறது என்று போட்டிக்காரர் பார்க்கக் கூடாது என்று முழுக்கத் தகடு அடிக்கச் சொன்னார். பிறகு கம்பெனிப் பெயரை இரும்பு எழுத்தில் வைக்கச் சொன்னார். பிறகு எங்கள் லேபிளில் இருக்கும் மயில், தோகை விரித்தபடி, கதவுக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும், "கீல் தாங்குமுங்களா?" என்று கேட்பார். "யானையே தாங்குமுங்க, மயிலுக்கென்னங்க" என்பேன். தாங்கியது என்பதும் உண்மை. மாதா மாதம் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பேன். ஒரு நூல்கூடத் தொங்கியிருக்காது. பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவேன்.

கேட்டில் வாட்ச்மேன் நாச்சிமுத்து அண்ணன். முன்பு பண்டல் தூக்கிக்கொண்டிருந்தவர். வலது தோள் போய்விட்டது, காதுக்கு மேலே கை எழாது. அதனால் முதலாளி கேட்டில் உட்காரவைத்தார். கேட்டை ஒட்டி ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அவரும் மகள் செல்வியும் அங்கேதான் குடியிருந்தார்கள். செல்வி எங்கள் கம்பெனியிலேயே செக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். அம்மா இல்லாத பிள்ளை. அந்த வேலை போனால் அவர்களுக்கு அந்த வீடும் போகும், வேறு இடம் கிடையாது.

நான் ஒருநாள் அவரிடம், "கேட் எப்படி அண்ணா?" என்று கேட்டேன். பாராட்டு வாங்கத்தான் கேட்டேன், மறைப்பானேன்.

"அருமையா இருக்குதுங்க தம்பி. அசையறதே தெரியறதில்லீங்க."

சாயங்காலம் இதை என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "அசையுதா இல்லையான்னு ஒருக்காக் கேட்டுப் பாருங்க" என்றாள். பெண்களுக்கு இயந்திர விஷயம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து சாகுல் பாய் கூப்பிட்டார். "தங்கராசு, செக்கிங்ல நாச்சிமுத்து அண்ணன் பொண்ணு அடிக்கடி எந்திரிச்சுப் போயிருதாமுங்க. பீஸ் கொறையுது, சூப்பர்வைசரம்மா கோவிச்சுக்கறாங்க. உங்க ரூம்ல இருந்தா கேட்டுப் பக்கம் தெரியுமில்லீங்க? சித்தப் பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தேன். லாரி ஹாரன் அடித்தால் செல்வி மேஜையை விட்டு எழுந்து கேட்டுக்கு ஓடுகிறாள். லாரி போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருகிறாள். எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. எவனோ ஒரு லாரி டிரைவர். தாயில்லாப் பிள்ளை, நான்தான் கண்டிக்க வேண்டும். என்னென்ன புத்திமதி சொல்வது என்றுகூட மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். அடுத்த ஹாரனுக்குச் சந்தடி காட்டாமல் சுவரோரமாகப் போய் நின்றேன்.

கதவின் அந்தப் பக்கம் நாச்சிமுத்து அண்ணன் முதுகைக் கேட்டில் கொடுத்து, கண்ணை இறுக்கி மூடி, காலைத் தரையில் ஊன்றி உந்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் செல்வி இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கதவுக்கே ரெண்டு பேர். கீல்கள் வறட்டுத் தொண்டையில் கத்தின. லாரி டிரைவர் கிழவர். ஸ்டீரிங்கில் கையை வைத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் செல்வி உதட்டில் விரலை வைத்தாள். லாரி உள்ளே போன பிறகு ஓடி வந்து மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, நீங்க பார்த்தது அப்பாவுக்குத் தெரிய வேண்டாங்க."

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலே?"

"நான் சொல்றேன்னுதானுங்க சொன்னேன். அப்பாதான் வேண்டாம்னுட்டாரு. நீங்க ஆசையாச் செஞ்ச கேட்டாமா. சொன்னா உங்க மனசு சங்கடப்படுமாமா."

அடுக்கி வைத்திருந்த புத்திமதியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. தோள் போனாலும் போகட்டும், எதிராளியின் முகம் கோணக் கூடாது.

அதே வாரம் முதலாளி ஒரு வெள்ளைக்கார பையரைக் கூட்டிக்கொண்டு காரில் வந்தார். சூப்பர்வைசரம்மா பக்கத்திலேயே நின்றதால் செல்வியால் அன்று மேஜையை விட்டு எழ முடியவில்லை. கார் வெளியே நின்று ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது. நான் ஓடிப் போவதற்குள் பையர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி மயில்களைப் பார்த்து முடித்துவிட்டார்.

சாயங்காலம் சாகுல் பாய் என் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பையிலிருந்து துணியை எடுக்கவில்லை. "ஒண்ணாந்தேதியிலிருந்து ஏஜென்சில யூனிபார்ம் போட்ட ஆளைப் போடச் சொல்லீட்டாருங்க. அந்த ரூமும் புது ஆளுக்குத்தானாமுங்க. நாச்சிமுத்து அண்ணனுக்கு ஏதாச்சும் பார்த்துக் குடுத்து அனுப்பீரலாம்னு சொல்றாரு."

"அண்ணனால தொறக்க முடியாதது அண்ணன் தப்பில்லீங்க பாய். கீல் தப்புங்க."

"அது எனக்கும் தெரியுமுங்க. எண்ணெய் ஆகாதுன்னு சொன்னவன் நானுமில்லீங்களா. இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை இருக்குதுங்க."

அன்றுதான் அந்தக் கேட்டை முதல்முறையாக உருப்படியாக யோசித்தேன். அவ்வளவு பாரமும் காய்ந்த இரும்பின் மேல் காய்ந்த இரும்பாக உட்கார்ந்து தேய்கிறது. போதாததற்கு நான் பயந்துகொண்டு போட்ட மூன்றாவது கீல் மற்ற ரெண்டோடு ஒரே நேர்கோட்டில் இல்லை. மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கின்றன. நடுக் கீலை எடுத்தால் பாதி சண்டை தீரும். பாரம் முழுவதையும் கீழே ஒரு பேரிங்கின் மேல் உட்காரவைத்துவிட்டால் மேல் கீல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதும். கிரீஸ் பேரிங்குக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்கு மூடி போட வேண்டும். வழியக் கூடாது, தெரியவும் கூடாது.

அவிநாசிப் பக்கம் ஹைவேயில் பழைய லாரி உடைக்கிற கடையில் சக்கரத்து பேரிங் ரெண்டு பொறுக்கினேன். டேமுக்கா என்று கேட்ட அதே லேத்காரரிடம் கிண்ணமும் மூடியும் கடைந்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை செயின் பிளாக் கட்டி, மயிலோடு கதவைத் தூக்கி நிறுத்தி, நான் பற்றவைத்த கீல்களை நானே அறுத்தேன். வெட்டுவதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. அவ்வளவு உறுதி.

வெயில் தாழ்வதற்குள் ரெண்டு கதவும் உட்கார்ந்துவிட்டன. சாகுல் பாய் மூடியைச் சுற்றித் துணியால் தடவினார். வெள்ளை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நாச்சிமுத்து அண்ணனைக் கூப்பிட்டுத் தள்ளிப் பார்க்கச் சொன்னோம். அவர் பழக்கத்தில் முதுகைக் கொடுத்து, கண்ணை மூடி, காலை ஊன்றி ஓர் உந்து உந்தினார். கேட் ஓடிவிட்டது. அவர் பின்பக்கமாகவே போய் நடுரோட்டில் நின்று முழித்தார். செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரே ஒரு குறை. ஒரு கதவுக்குக் கீழே வைத்த கிண்ணம் மேல் கீலுக்கு நேர் கீழே விழவில்லை, சற்று விலகியிருந்தது. அதனால் அந்தக் கதவு மட்டும் திறந்தால் நிற்காமல் தானாக ஆடி அசைந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. அது பெரிய காரியமில்லை. தரையில் ஒரு கொக்கி பதித்தால் கதவை மாட்டி நிறுத்திவிடலாம். மறுநாள் காலையில் செய்துவிடுவதாகக் கம்பியை வெட்டி வளைத்துத் தயாராக வைத்தேன்.

காலையில் கொக்கியைப் பதிக்க நான் கேட்டுக்கு வரும்போது முதலாளியின் கார் வந்துவிட்டது. நாச்சிமுத்து அண்ணன் இடது கையால் லேசாகத் தள்ளினார். ரெண்டு கதவும் பறந்தன. முதலாளி காரை விட்டு இறங்கி வந்து, தானே ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார்.

"அடேங்கப்பா, இவ்வளவு லேசா ஆயிப்போச்சுங்களா தங்கராசு!"

"ஆமாங்க முதலாளி." எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

"அப்ப ஏஜென்சிக்காரன் எதுக்குங்க? வாட்ச்மேனே எதுக்குங்க? டிரைவரே எறங்கித் தொறந்துக்குவானில்லீங்க."

ஒரு மனிதனின் வேலையைக் காப்பாற்ற ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெல்டிங் புகை குடித்தவன், அந்த வேலையையே இல்லாமல் பண்ணிவிட்டேன். சாகுல் பாய் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாச்சிமுத்து அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லதுங்க சாமி" என்றார்.

முதலாளி டிரைவரிடம் செய்து பார்க்கச் சொன்னார். டிரைவர் கேட்டைச் சாத்தினார், திறந்தார், காரில் ஏறினார், நகர்த்தினார். கார் பாதி நுழையும்போது மயில் தன்பாட்டுக்குத் திரும்பி வந்தது. புதுக் காரின் கதவை நோக்கி அது வர, நாச்சிமுத்து அண்ணன் எட்டி ஒரு கையால் பிடித்து நிறுத்திவிட்டார். நூலிழையில் தப்பியது.

என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? கையில் கொக்கியோடு ஓரடி முன்னால் வந்து, "முதலாளி, அதுக்கு ஒரு..." என்று தொடங்கினேன்.

சாகுல் பாய் பையிலிருந்த வெள்ளைத் துணியை உதறி என் வாயோடு சேர்த்து அழுத்தினார். "தங்கராசு, மூஞ்சியெல்லாம் கிரீஸுங்க. நல்லாத் தொடைங்க." காலையில் குளித்து, திருநீறு பூசி வந்தவன் நான். அவர் முதலாளியின் பக்கம் திரும்பி, "தொறந்தா நிக்கறதில்லீங்க முதலாளி. பிடிச்சுக்க எந்நேரமும் ஒரு ஆள் வேணுமுங்க. கனமில்லீங்க, ஒரு கை போதும்" என்றார்.

முதலாளி கேட்டைப் பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து அண்ணனைப் பார்த்தார். துணிக்கு மேலே தெரிந்த என் கண்ணைப் பார்த்தார். வானத்தையும் ஒருமுறை பார்த்தார். "அப்படீங்களா. சரீங்க, அண்ணனே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொக்கி என் பெஞ்சுக்கு அடியில் போனது. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நான் பட்ட அவமானத்துக்கு அளவில்லை. வருகிற லாரிக்காரர்கள் எல்லாம், "ஒரு கொக்கி வெக்கத் தெரியாத மெயின்டனன்ஸா?" என்பார்கள். தெற்கேயிருந்து வந்து சேர்ந்த ஒரு வெல்டர், "அண்ணாச்சி, அரை மணி வேலைலா, நான் வச்சுத் தாறேன்" என்று கம்பியோடு வந்து நின்றான். "பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று அனுப்பினேன். பக்கத்துக் கம்பெனி ஃபிட்டர்கள் என்னை உதாரணம் காட்டிப் பேசினார்கள். நானும் கேட்டைக் கடக்கும்போதெல்லாம் கை அரித்தாலும் பேசாமல் போய்விடுவேன். நாச்சிமுத்து அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இடது கையால் கதவைப் பிடித்துக்கொள்வார்.

செல்வியை ஊத்துக்குளியில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தங்கமானவர். மாமனாரையும் தங்களோடு வந்து இருக்கச் சொல்லிக் கூட்டிப்போனார். அண்ணன் கிளம்பும் அன்று கம்பெனியே கேட்டில் நின்றது. முதலாளி அவருக்கு வேட்டி துண்டு கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் காலையில் கேட்டில் ஆள் இல்லை. முதலாளியின் கார் வந்தது. நானும் சாகுல் பாயும் உள்ளேயிருந்து ஓடினோம். நான் கதவைத் திறந்தேன். அது திரும்பி வரப் பார்த்தது. கார் என் பக்கத்தில் வந்து நின்றது. முதலாளி கண்ணாடியை இறக்கினார்.

"ஏனுங்க தங்கராசு, பெஞ்சுக்கடியில வெச்சிருக்கற கொக்கிய இனிப் பதிச்சுப்போடலாமுங்களா?"

நான் சாகுல் பாயைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதிச்சரலாமுங்க முதலாளி" என்றேன். கார் உள்ளே போகும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.